53%, 42%, 36%, 21%: குழந்தைகள் மீதான வன்முறையை அளப்பதில் ஏன் இத்தனை குழப்பம்?

'இந்தியாவில் இரண்டில் ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகிறது.' இந்த வரியை நீங்கள் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டிலோ, அலுவலகத்தில் நடந்த விழிப்புணர்வு வகுப்பின் ஸ்லைடிலோ பார்த்திருப்பீர்கள். அடுத்த வாரமே வேறொரு செய்தியில் 'ஐந்தில் ஒரு குழந்தை' என்று இருக்கும். காவல்துறை புள்ளிவிவரத்தைத் திறந்தால், லட்சம் குழந்தைகளுக்கு முப்பத்துச் சொச்சம் குற்றங்கள்தான்.

"அப்போ எதுதான் உண்மை? யாரோ பொய் சொல்றாங்களா?" என்று தோன்றுவது இயல்பு.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆய்வும் வெவ்வேறு விஷயத்தை அளந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் எண்ணிக்கை தொடங்குவதற்கு முன்பே, வரையறையிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது. அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். உதாரணங்களில் பல கேரளாவிலிருந்து வருகின்றன. காரணம், இந்தியாவில் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்த மாநிலங்களில் அதுவும் ஒன்று.

நான்கு ஆய்வுகள், நான்கு எண்கள்

முதலில் எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். நான்குமே பாலியல் துன்புறுத்தல் பற்றியவை.

- 2006, சென்னை: 'துளிர்' அமைப்பு 2,211 பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு. ஏதாவது ஒரு வகைத் துன்புறுத்தலைச் சந்தித்தவர்கள் 42%. ஆண் பிள்ளைகளில் 48%, பெண் பிள்ளைகளில் 39%.
- 2007, தேசிய அளவில்: மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு. ஏதாவது ஒரு வகையைச் சந்தித்தவர்கள் 53%. அந்த 13 மாநிலங்களில் கேரளா உண்டு, தமிழ்நாடு இல்லை.
- 2014, கோழிக்கோடு: சுமார் 1,600 வளரிளம் பருவத்தினரிடம் நடத்திய ஆய்வு. வாழ்நாளில் எப்போதாவது சந்தித்ததாகச் சொன்னவர்கள் ஆண்களில் 36%, பெண்களில் 35%.
- 2017, திருச்சூர்: 15 பள்ளிகளில் கிட்டத்தட்ட 7,000 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு. கடந்த ஓராண்டில், பள்ளிச் சூழலில் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 21%.

கடைசி இரண்டைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே மாநிலம், சில ஆண்டுகள்தான் இடைவெளி. 36 எப்படி 21 ஆனது? கேரளா மூன்றே ஆண்டுகளில் திருந்திவிட்டதா? இல்லை. ஒன்று 'வாழ்நாளில், எங்கேயாவது' என்று கேட்டது. இன்னொன்று 'ஓராண்டில், பள்ளியில்' என்று கேட்டது. இதை ஒரு கிராஃபில் போட்டு 'கேரளாவில் குறைகிறது' என்று தலைப்பு வைப்பது, மாதச் சம்பளத்தையும் வருடச் சம்பளத்தையும் ஒப்பிட்டு 'வருமானம் சரிந்தது' என்று சொல்வதைப் போன்றது.

அதே திருச்சூர் ஆய்வில் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் நான்கில் மூன்று பேர். மனரீதியான துன்புறுத்தல் என்றால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். ஆக, 'துன்புறுத்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே வகுப்பறையில் ஐந்தில் ஒருவர் பாதிக்கப்பட்டவராகவும் இருக்கலாம், ஏறக்குறைய எல்லாருமே பாதிக்கப்பட்டவர்களாகவும் இருக்கலாம்.

இந்த வரையறை எங்கே தொடங்கியது?

மருத்துவ உலகம் இந்தப் பிரச்சினைக்கு ஒரு பெயர் வைத்தது 1962இல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவரது சகாக்களும் 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களுக்கு எக்ஸ்ரே ஆதாரமாக இருந்தது. எலும்பு முறிவு தெரிந்தால் வன்முறை, தெரியாவிட்டால் இல்லை. வரையறை எளிமையாகத்தான் இருந்தது.

ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாத காயங்கள்தான் அதிகம். பாலியல் துன்புறுத்தல், அவமானப்படுத்துதல், கவனிக்காமல் விடுதல் என்று பட்டியல் நீண்டது. 1999 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் ஒரு கலந்தாய்வு நடத்தி, 58 நாடுகளின் வரையறைகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு பொது வரையறையை உருவாக்கியது. அதன் சாரம் இது: உடல், மனம், பாலியல்ரீதியான கொடுமை, புறக்கணிப்பு, சுரண்டல் ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும், அது குழந்தையின் உடல்நலம், உயிர், வளர்ச்சி, கண்ணியம் ஆகியவற்றுக்கு உண்மையான பாதிப்பையோ, பாதிப்புக்கான வாய்ப்பையோ ஏற்படுத்தினால், அதைச் செய்தவர் குழந்தையோடு பொறுப்பு, நம்பிக்கை அல்லது அதிகாரம் கொண்ட உறவில் இருந்தால், அது வன்முறை.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்து ஒரு கேள்வித்தாள் தயாரித்துப் பாருங்கள். 'கண்ணியத்துக்குப் பாதிப்புக்கான வாய்ப்பு' என்பதை எப்படி ஆம், இல்லை என்று டிக் அடிக்க வைப்பீர்கள்? மனித உரிமை மாநாட்டுக்குப் பொருந்தும் வரையறை, எக்செல் ஷீட்டுக்குப் பொருந்துவதில்லை. ஆய்வாளர்களின் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருவனந்தபுரத்தில் கதவைத் தட்டிய சர்வே

1990களின் பிற்பகுதியில் 'இந்தியாசேஃப்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையை அளப்பதுதான் நோக்கம். நாட்டில் 7 இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன: டெல்லி, லக்னோ, போபால், நாக்பூர், சென்னை, வேலூர், திருவனந்தபுரம். கிராமம், நகர்ப்புறக் குடிசைப் பகுதி, மற்ற நகர்ப்புறம் என்று மூன்று வகைப் பகுதிகள். 18 வயதுக்குக் கீழ் ஒரு குழந்தையாவது உள்ள 15 முதல் 49 வயது வரையிலான பெண்கள் 9,938 பேரிடம் பேசினார்கள்.

நீங்கள் அந்தக் குழுவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். கதவைத் திறக்கும் அம்மாவிடம் எப்படிக் கேட்பீர்கள்? "சேச்சி, நீங்க உங்க பிள்ளையைக் கொடுமைப்படுத்துறீங்களா?" என்று கேட்டால், பதில் 'இல்லை'தான். கதவும் சாத்தப்படும். அந்தச் சேச்சி பொய் சொல்லவில்லை. அவருடைய மனதில் 'கொடுமை' என்றால் சூடு வைப்பது, பட்டினி போடுவது. தினமும் விழும் இரண்டு அடி அவருக்குக் 'கண்டிப்பு'.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? 'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்' என்பது நம்முடைய பழமொழிதானே.

எனவே ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கையாண்டார்கள். 'கொடுமை', 'வன்முறை' போன்ற சொற்களே வராமல், செயலை மட்டும் கேட்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை மோதல் அளவுகோல் இந்த வகைதான். 'செய்தது ஏன் தப்பு என்று விளக்கிச் சொன்னீர்களா?' என்பது போன்ற மென்மையான கேள்விகளும் அதில் உண்டு. கத்தினீர்களா, கிள்ளினீர்களா, கையால் அடித்தீர்களா, பொருளால் அடித்தீர்களா என்று படிப்படியாகப் போகும். சொல்லுக்கு ஆளாளுக்கு அர்த்தம் மாறும். செயலுக்கு அவ்வளவு எளிதில் மாறாது.

இந்தியாசேஃப், 'வேர்ல்டுசேஃப்' என்ற பன்னாட்டு ஆய்வின் பகுதி. பல நாடுகளில் கேட்க வேண்டியிருந்ததால் கேள்விகளும் ஊருக்கு ஏற்றபடி விரிந்தன. வாயில் மிளகாய் வைப்பதும், 'பேய் வந்து பிடிச்சுக்கும்' என்று மிரட்டுவதும் பட்டியலில் சேர்ந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 2002 அறிக்கையில் வெளியான அட்டவணைப்படி, வட இந்தியக் கிராமப் பகுதி ஒன்றில் 20% தாய்மார்களும், பிலிப்பைன்ஸில் 24% பேரும் கெட்ட ஆவியைச் சொல்லி மிரட்டியதாக ஒப்புக்கொண்டார்கள். பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டிய நம் பாட்டிமார்கள் இந்தப் பட்டியலில் வருவார்களா? செயலை மட்டும் கணக்கிட்டால், வருவார்கள்.

அதே அட்டவணையில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த இந்தியத் தாய்மார்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தப்பு ஏன் தப்பு என்று விளக்கிச் சொன்னதாகவும் கூறினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் முகத்திலோ தலையிலோ அறைந்ததாகவும் சொன்னார்கள். அதாவது 'நல்ல அம்மா', 'கொடுமைக்கார அம்மா' என்று இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் இல்லை. விளக்கிச் சொல்வதும் அடிப்பதும் பெரும்பாலும் ஒரே வீட்டில் நடக்கின்றன.

செயலா, விளைவா, நோக்கமா?

இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் ஓட்டை உண்டு.

செயலை வைத்து வரையறுத்தால், எண்ணுவது எளிது. ஆனால் விளையாட்டாகத் தட்டியதும், வெறியோடு அடித்ததும் ஒரே கட்டத்தில் விழும். 'வேர்ல்டுசேஃப்' இதற்கு நல்ல உதாரணம். 6 நாடுகளில் 19 சமூகங்களிலிருந்து 14,239 பதில்களைச் சேர்த்து 2010இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 9 சமூகங்களில் 20% அல்லது அதற்கு மேற்பட்ட பெற்றோர், 2 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பிடித்துக் குலுக்கியதாக ஒப்புக்கொண்டார்கள். கைக்குழந்தையைப் பலமாகக் குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம், உயிரே போகலாம். ஆனால் 'குலுக்கினேன்' என்று சொன்ன எல்லா அம்மாக்களும் அந்த வேகத்தில்தான் குலுக்கினார்களா? கேள்வித்தாளால் வேகத்தை அளக்க முடியாது.

விளைவை வைத்து வரையறுத்தால், காயம் பட்டவர்கள் மட்டும் கணக்கில் வருவார்கள். தினமும் 'நீ எதுக்குப் பொறந்த?' என்று கேட்டு வளரும் குழந்தையின் உடம்பில் எந்தத் தழும்பும் இருக்காது. பாதிப்பு தெரிய இருபது வருடம்கூட ஆகலாம்.

நோக்கத்தை வைத்து வரையறுத்தால், யாருமே சிக்க மாட்டார்கள். "அவன் நல்லதுக்குத்தான் அடிச்சேன்" என்பதற்கு எதிராக எந்த ஆய்வாளர் என்ன ஆதாரம் காட்டுவார்?

சட்டமே இதில் தடுமாறுகிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆவது பிரிவு பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வீட்டுக்குள் அடிப்பதற்கு அப்படி ஒரு முழுத் தடை இந்தியாவில் இல்லை. ஸ்வீடன் 1979லேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. இன்னொரு பக்கம், 2025 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், ஆசிரியர்கள் மீது புகார் வந்தால் வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்த வேண்டும் என்றது. ஆசிரியர்கள் பயன்படுத்தாவிட்டாலும் கையில் பிரம்பு வைத்திருக்கட்டுமே என்றும் கருத்துச் சொன்னது. ஆக, ஒரே பிரம்படி ஆய்வாளரின் ஷீட்டில் 'வன்முறை'. பள்ளியில் அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. நீதிமன்றத்தில் அது நோக்கத்தைப் பொறுத்தது. வீட்டில் அது 'வளர்ப்பு'.

யார் குழந்தை?

இது எளிய கேள்விபோல் தெரியும். 2012 நவம்பர் 14இல் அமலுக்கு வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள எவரும் குழந்தை. ஆனால் தமிழில் 'குழந்தை' என்றதும் நம் மனதில் வருவது இடுப்பில் தூக்கி வைக்கும் வயது. மலையாளத்தில் 'குட்டி' என்றால் பள்ளிப் பிள்ளை வரைக்கும் நீளும். இலங்கைத் தமிழில் 'சிறுவர் துஷ்பிரயோகம்' என்கிறார்கள். சர்வேயை மொழிபெயர்க்கும்போது சொல் மாறினால், பதில் சொல்பவரின் மனதில் வரும் படமும் மாறும்.

மலையாளச் செய்திகளில் 'பீடனம்' என்ற சொல்லுக்குப் பொதுவாகத் துன்புறுத்தல் என்றுதான் பொருள். ஆனால் பேச்சு வழக்கில் அது கிட்டத்தட்டப் பாலியல் வன்முறைக்கான சொல்லாகவே ஆகிவிட்டது. அதை வைத்து அடி, உதை பற்றிக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். தமிழிலோ நேர்மாறான பிரச்சினை. 'சீண்டல்', 'சில்மிஷம்' என்று சொல்லிச் சொல்லியே குற்றத்தின் கனத்தைக் குறைத்துவிடுகிறோம்.

வயது வரம்பு எண்களை எப்படி மாற்றுகிறது என்பதற்குப் போக்சோ வழக்குகளே சாட்சி. கேரளாவில் 2013இல் பதிவான போக்சோ வழக்குகள் ஏறத்தாழ 1,000. 2022, 2023 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 4,500ஐத் தாண்டிவிட்டன. இதில் எவ்வளவு குற்றம் கூடியதால், எவ்வளவு புகார் கொடுக்கும் துணிச்சல் கூடியதால்? எவ்வளவு 16, 17 வயதில் காதலித்து வீட்டை விட்டுப் போனவர்கள் மீது பெற்றோர் கொடுத்த புகார்? மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது.

2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வயது வரம்பை 16ஆகக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்றது. 2023 செப்டம்பரில் வந்த சட்ட ஆணையத்தின் 283ஆவது அறிக்கை வேண்டாம் என்றது. 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளில் நீதிமன்றத்துக்கு வழிகாட்டுதலுடன் கூடிய விருப்புரிமை தரலாம் என்று பரிந்துரைத்தது. சட்டம் என்ன முடிவெடுத்தாலும், ஆய்வாளர் தன் ஷீட்டில் இந்த வயதினரைத் தனியாகக் காட்டினால்தான் படிப்பவருக்கு உண்மை புரியும்.

யாரிடம் கேட்பது?

2011இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, 217 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தது. மொத்தம் கிட்டத்தட்ட 1 கோடிப் பேர். பாதிக்கப்பட்டவர்களே பதில் சொன்ன ஆய்வுகளில், ஆயிரத்தில் 127 பேர் குழந்தைப் பருவத்தில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். மருத்துவர், ஆசிரியர், குழந்தை நலப் பணியாளர் போன்ற மற்றவர்களிடமிருந்து தகவல் பெற்ற ஆய்வுகளில்? ஆயிரத்தில் 4.

ஒன்றுக்கு முப்பது. யாருக்கும் தெரியாமல் போகும் குழந்தைகள் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களைப் படிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். 2022இல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 1,62,449. இதில் 45.7% கடத்தல், 39.7% போக்சோ. லட்சம் குழந்தைகளுக்கு 36.6. இது காவல் நிலையத்தின் வாசலைத் தாண்டிய எண்ணிக்கை மட்டும்தான். சர்வேயின் 53 சதவீதத்தையும் இந்த 36.6ஐயும் பக்கத்தில் வைத்து 'ஊடகங்கள் பூதாகரமாக்குகின்றன' என்று யாராவது வாதிட்டால், அவர் இரண்டு வேறு பொருட்களை ஒரே தராசில் வைக்கிறார் என்று அர்த்தம்.

மேலே உள்ள சென்னை எண்களில் ஆண் பிள்ளைகளின் சதவீதம் பெண் பிள்ளைகளைவிட அதிகம் என்பதையும் கவனித்திருப்பீர்கள். கோழிக்கோட்டில் இரண்டும் சமம். பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான பிரச்சினை என்று முன்கூட்டியே வரையறுத்திருந்தால், இந்தப் பையன்கள் ஷீட்டிலேயே வந்திருக்க மாட்டார்கள். பெயர் எழுதாத தாளில், நேரடியாக அவர்களிடமே கேட்டதால்தான் தெரியவந்தது.

கவனிக்காமல் விடுவது கணக்கில் வருமா?

அடிப்பது நடக்கும் செயல். புறக்கணிப்பு, நடக்காமல் போகும் செயல். நடக்காததை எப்படி எண்ணுவது?

2007 தேசிய ஆய்வு இதற்கு ஒரு வழி பிடித்தது. புறக்கணிப்பைப் பெண் குழந்தைகளிடம் மட்டும் அளந்தது. சகோதரனோடு ஒப்பிட்டால் சாப்பாடு, வீட்டு வேலை, கவனிப்பு இவற்றில் பாகுபாடு உண்டா என்ற கோணம். முக்கியமான கேள்விதான். ஆனால் அதன் விலை என்ன? புறக்கணிக்கப்பட்ட ஆண் குழந்தை அந்த அட்டவணையில் இல்லவே இல்லை. அதே ஆய்வில் மனரீதியான துன்புறுத்தல் என்றால் இரண்டுதான்: அவமானப்படுத்துதல், ஒப்பிடுதல். 'பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு, எவ்ளோ மார்க்குன்னு' என்பது கணக்கில் வரும். மாதக்கணக்கில் பிள்ளையோடு பேசாமல் இருப்பது?

வறுமையையும் புறக்கணிப்பையும் பிரிப்பது இன்னும் கடினம். அதிகாலையில் மீன் விற்கக் கிளம்பும் அம்மா, ஐந்து வயதுப் பிள்ளையை எட்டு வயது அக்காவிடம் விட்டுப் போகிறார். வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பதி பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டிருக்கிறார்கள். இவை புறக்கணிப்பா? உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, குடும்பத்துக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய வசதிகளைப் பொறுத்தே பார்க்கச் சொல்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 75ஆவது பிரிவும் தங்கள் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட்ட பெற்றோரை, வேண்டுமென்றே கைவிட்டவராகக் கருதுவதில்லை. இந்த நுணுக்கம் சர்வேயில் விடுபட்டால், ஏழைகளின் வீடுகள் எல்லாம் 'புறக்கணிப்பு' என்று பதிவாகும். வசதியான ஃபிளாட்டில் டேப்லெட்டோடு தனியாக வளரும் பிள்ளை கணக்கில் வராது.

ஆய்வாளருக்கு ஒரு சிக்கல்: தெரிந்துகொண்டால் சொல்லியே ஆக வேண்டும்

இதுவரை பார்த்தது சொற்களின் சிக்கல். இனி வருவது மனசாட்சியின் சிக்கல்.

போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 21ஆவது பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆய்வாளருக்கு விலக்கு கிடையாது.

இப்போது மறுபடியும் திருவனந்தபுரத்துக்குப் போவோம். நீங்கள் பொது சுகாதார மாணவர். ஒரு பள்ளியில் 14 வயதுப் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுக்கிறீர்கள். பெயர் கேட்டால், 'ஆம்' என்று எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்காகவும் நீங்கள் காவல் நிலையம் போக வேண்டும். அது தெரிந்தால் எந்தப் பிள்ளை உண்மையை எழுதும்? பெயர் கேட்காவிட்டால் உண்மை கிடைக்கும். ஆனால் 40 தாள்களில் 8 தாள் 'ஆம்' என்று வந்த அந்த மாலையில், அந்த 8 பேர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. உதவவும் முடியாது.

ஒப்புதலும் இப்படித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 நெறிமுறைகளின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் ஆய்வு நடத்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும், கூடவே குழந்தையின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். சரியான விதிதான். ஆனால் துன்புறுத்துபவர் வீட்டிலேயே இருந்தால், அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. அவர் போடமாட்டார். அந்தப் பிள்ளை ஆய்விலிருந்தே விடுபடும். ஆக, அதிகம் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் கணக்கில் குறைவாக வரும்படி விதியே அமைந்துவிடுகிறது.

கவனமாக நடக்கும் குழுக்கள் இதற்கு நடுவழி தேடுகின்றன. கேள்வித்தாளில் பெயர் கிடையாது. ஆனால் அன்றே பள்ளியில் கவுன்சலர் இருப்பார். உதவி எண் அச்சிட்ட சீட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படும். 'ஆம்' எழுதியவருக்கு மட்டும் கொடுத்தால் அடையாளம் தெரிந்துவிடும் அல்லவா? அதற்காகத்தான் எல்லாருக்கும்.

வரையறை தவறினால் என்ன ஆகும்?

"இதெல்லாம் ஆய்வாளர்களோட பிரச்சினை, நமக்கென்ன?" என்று நினைக்கலாம். 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஒரு தீர்ப்புக் கொடுத்தது. தோலோடு தோல் தொடவில்லை, ஆடைக்கு மேல்தான் தொட்டார் என்பதால், அது போக்சோ சொல்லும் 'பாலியல் தாக்குதல்' ஆகாது என்றது. பாதிக்கப்பட்டது 12 வயதுச் சிறுமி. அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாலியல் நோக்கம்தான் முக்கியம், தோல் பட்டதா என்பது அல்ல என்று தெளிவுபடுத்தியது. 'தொடுதல்' என்ற ஒரு சொல்லின் வரையறை, ஒரு குழந்தைக்கு நடந்ததைச் சிறிய குற்றமாக மாற்றியிருந்தது.

ஆய்விலும் அதேதான். 2007 ஆய்வு 'ஏதாவது ஒரு வகை' 53% என்று சொன்னதோடு நிற்கவில்லை. கடுமையான வகைகளைத் தனியாகப் பிரித்து 21.9% என்றும் சொன்னது. கட்டாய முத்தம், பயணத்தில் நடக்கும் சீண்டல், ஆபாசப் படம் காட்டுதல் ஆகியவை 'மற்ற வகை' என்ற கட்டத்தில் வந்தன. ஊடகங்களில் 53 மட்டும் பரவியது. 21.9 காணாமல் போனது. கவுன்சலர் எத்தனை பேர் வேண்டும், பள்ளிகளில் எந்தப் பயிற்சி வேண்டும் என்று பட்ஜெட் போடுபவருக்கு இரண்டுமே வேண்டும். ஒன்று பிரச்சினையின் அகலம், இன்னொன்று ஆழம்.

நாடுகளுக்கிடையே ஒப்பிட வசதியாக, 2023இல் யுனிசெஃப் 'குழந்தைகள் மீதான வன்முறையின் சர்வதேச வகைப்பாடு' என்ற ஒன்றை வெளியிட்டது. வேண்டுமென்றே செய்யப்படும், குழந்தை விரும்பாத, அவசியமில்லாத செயல். அதனால் மரணமோ காயமோ மன வேதனையோ நேர்ந்தால், அல்லது நேர அதிக வாய்ப்பு இருந்தால் அது வன்முறை. 'அவசியமில்லாத' என்ற சொல்லைக் கவனியுங்கள். தடுப்பூசி வலிக்கும், குழந்தை அதை விரும்பாது, ஆனால் அது அவசியம். எனவே அது வன்முறை இல்லை. பிரம்படி அவசியமா? வாதம் இனி அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கும்.

அடுத்த முறை ஓர் எண்ணைப் பார்க்கும்போது

ஷேர் பட்டனை அழுத்தும் முன் இந்த ஐந்தைக் கேளுங்கள்.

1. எதைச் சேர்த்திருக்கிறார்கள்? 'ஏதாவது ஒரு வகை'யா, கடுமையான வகை மட்டுமா?
2. எந்தக் காலம்? வாழ்நாளா, கடந்த ஓராண்டா?
3. எந்த இடம்? வீடா, பள்ளியா, எங்கேயுமா?
4. யார் சொன்னார்கள்? குழந்தையா, அம்மாவா, காவல்துறையா?
5. யார் விடுபட்டார்கள்? ஆண் பிள்ளைகள், பள்ளிக்கு வராதவர்கள், வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள்?

ஐந்துக்கும் பதில் இல்லாத எண்ணை நம்பாதீர்கள். அதற்காகப் பிரச்சினையே இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். வரையறை எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், முதலில் பார்த்த நான்கு ஆய்வுகளில் எதிலும் இந்த எண் பூஜ்யத்துக்கு அருகில்கூட வரவில்லை. 21 சதவீதம் என்றாலே, 40 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பில் 8 பேர்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தை ஏதோ சொல்ல வருகிறது என்று தோன்றினால், அது எந்த வரையறைக்குள் வரும் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் கேளுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள், நம்புங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். இலவசம், 24 மணி நேரமும் அழைக்கலாம்.